வாய்மொழிக் கவியும் அச்சேறிய கவியும்

தொல்காப்பியர் செய்யுளியலில் யாப்பின் வகைகளை எண்ணுமிடத்துப் பாட்டையும் நூலையும் கூறியதோடு அமையாது, பிசியையும் முதுசொல்லையும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. பண்ணத்தி என்றொரு வகைக்கும் அவர் இடங்கொடுத்தார். அப்பகுதிக்கு உரைகண்ட பேராசிரியர், பண்ணத்தி எழுதும் பயிற்சி இல்லாதது என விளக்கி, மோதிரப்பாட்டு, கடகண்டு முதலியவற்றைப் பெயர் குறித்துச் சென்றார். பெயரைக் குறித்தாரேயன்றிப் பாட்டினைக் குறித்தாரல்லர். தம் காலத்தார் யாவரும் அறிந்ததொன்றை எழுதிக்காட்டுதல் மிகையென அவர் எண்ணியிருத்தல் கூடும். அதன் பயன் யாதாயிற்று? மோதிரப்பாட்டை யார் பாடினர், எப்பொழுது பாடினர், எவ்விசையிற் பாடினர் என்பவற்றை இன்று நாம் அறியோம். ஊரெங்கும் ஒலித்ததொரு பாட்டுக்கு எஞ்சியது உரையாசிரியர் வாக்கில் ஒரு சொல்லே.

இவ்விழப்பை நினைவிற்கொண்டே, கல்முனையை அடுத்த சாய்ந்தமருதிலும் அதனைச் சூழ்ந்த முஸ்லிம் ஊர்களிலும் வழங்கும் ‘கவி’ என்னும் வாய்மொழிப் பாடல்களையும், அவை அச்சேறிய முறையையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கியிருந்தன. ஆதலின் முன்னைய அறிஞர் ‘மட்டக்களப்பு’ என வழங்கியவிடத்து இக்கரையும் அதனுள் அடங்கும் என்பதை இளையோர் மறத்தல் ஆகாது. கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல், இடையே மணலிற் கட்டிய வீடுகள் நெருங்கிய ஒடுங்கிய நிலம். ஊர் கடலோரம், உழவு மேற்கே. விதைப்புக்கும் காவலுக்கும் அறுவடைக்கும் ஆடவர் வயலுக்குச் சென்று வாடியிற் பலநாட் தங்குவர். பெண்டிர் ஊரிலே இருப்பர். இப்பிரிவே கவி பிறந்த களம் எனலாம்.

கவி நான்கு குறுகிய அடிகளால் அமைவது. எதுகை மோனை வாய்த்துழி வரும். வாராதொழியினும் பாட்டுக் கெடுவதில்லை. பலவற்றின் முதலிரண்டு அடிகளில் வயலோ கடலோ மரமோ பறவையோ காட்சியாக நிற்கும். பின்னிரண்டில் நெஞ்சம் திறக்கும். அகப்பொருள் நூலார் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் வகுத்ததற்கு இஃது எத்துணை அணித்து என்பதை ஏட்டறிவு இல்லாத அம்மக்கள் அறிந்திலர், அறியாமலே கையாண்டனர். பரணில் இருந்து காவல் செய்வோன் இரவிற் கவி பாடுவான். ஈற்றசையை நீட்டி இழுத்தலால் அவன் குரல் வெட்டவெளியில் நெடுந்தொலைவு செல்லும். அடுத்த வாடியில் உள்ளான் கேட்டு வேறொரு கவியால் விடையிறுப்பான். அவன் தமிழ் இந்துவாக இருத்தலும் உண்டு, முஸ்லிமாக இருத்தலும் உண்டு. கவிக்கு அவ்வேற்றுமை இல்லை. ஊரினுள் நெற்குத்தும் பெண்கள், பாய் இழைக்கும் பெண்கள், பிள்ளையை ஏணையில் இட்டு ஆட்டுவோர் ஆகியோர் வாயிலும் இக்கவியே வழங்கிற்று.

இவற்றைத் திரட்டியோர் தொண்டினை முதற்கண் கூறுதல் கடன். தி. சதாசிவ ஐயர் 1940இல் வெளியிட்ட ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ இப்பகுதியின் வாய்மொழி வழக்கு அச்சேறுதற்கு முன்னோடியாயிற்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தமையும், 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலும், பல்கலைக்கழகப் புலமையாளர் நாட்டுப்பாடலை ஏறிட்டு நோக்கவும் நாணாதிருக்கவும் வழிசெய்தன. பின்னர் முஸ்லிம் ஊர்களுக்கே சிறப்பாக உரியவற்றைத் திரட்டும் பணியை, நிந்தவூரைச் சேர்ந்த சட்டத்தரணி எஸ். முத்துமீரான் நெடுங்காலம் தளராது செய்தார். சாய்ந்தமருதிற் பிறந்து கல்வித்துறையில் உயர்பதவிகள் வகித்த எஸ். எச். எம். ஜெமீல் ‘கிராமத்து இதயம்’ என்னும் நாட்டார் பாடற்றொகுதியைத் தந்தார். இவர்கள் திரட்டாதிருப்பின், மோதிரப்பாட்டுக்கு நேர்ந்ததே கவிக்கும் நேர்ந்திருக்கும். இனி யாம் கூறும் குறைகள் இப்பெரியோரைக் குறைகூறுவன அல்ல. அச்சுக்கும் வாய்க்கும் இடையே உள்ள வேற்றுமையால் எழுவன.

நாட்டுப்பாடற் றொகுதிகள் பொதுவாக ஒருமுறையிலே வகுக்கப்படுகின்றன: தாலாட்டு ஓரிடம், காதல் ஓரிடம், தொழில் ஓரிடம், ஒப்பாரி ஓரிடம். நூலகத்தில் நூல்களை அடுக்குவதற்கு இம்முறை ஏற்றது. கவிக்கு ஏற்றதன்று. கவி தனித்துப் பிறப்பதில்லை. ஒருவர் கவி கொடுக்க மற்றவர் மறுகவி கொடுப்பர். வேலியோரம் வரவேண்டாம், தாய் விழித்திருக்கின்றாள் என்ற கருத்துடைய கவியைத் தனியே படிப்போர் அதனை அச்சம் என்பர். அதற்கு மறுமொழியாக வரும் கவியையும், அம்மறுமொழிக்குப் பெண் மீட்டும் கொடுக்கும் கவியையும் தொடர்ந்து கேட்பின், முதலிற் கூறியது அச்சமன்று, ஆடவனின் உறுதியைச் சோதித்தல் என்பது புலனாகும். தொகுப்பில் முதற்கவி பன்னிரண்டாம் பக்கத்திலும் மறுகவி நாற்பதாம் பக்கத்திலும் நிற்குமாயின் இப்பொருளை எவர் காண்பர்? குறுந்தொகையின் செய்யுட்களைக் கூற்று அறியாது படித்தல் எத்தன்மைத்து, இதுவும் அத்தன்மைத்து. அங்கே பழந்தமிழ்ப் புலவர் ‘தலைவி கூற்று’ ‘தோழி கூற்று’ எனத் துறை வகுத்து நமக்கு வழிகாட்டிச் சென்றனர். கவிக்கு அத்தகைய குறிப்பை எழுதி வைப்பார் இலர்.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவர் நூலாசிரியர் எவருமல்லர். சாய்ந்தமருதில் முதிய பெண்மணி ஒருவரிடம், அவர் பேத்தியின் வாயிலாக, சில கவிகளைச் சொல்லுமாறு வேண்டினேன். எழுதுகோலும் தாளும் கையிற் கொண்டு காத்திருந்தேன். அவர் சிரித்து, “கவியத் தனியச் சொல்லேலா மனெ. ஒராள் கேக்கணும், மறு ஆள் குடுக்கணும்” என்றார். எத்துணை வேண்டியும் அவர் வாயினின்று ஓரடியும் வரவில்லை. அவர் மறந்தாரல்லர், கேட்போர் இல்லாத இடத்தில் கவி அவருக்குத் தோன்றவில்லை. எழுதிக்கொள்ள வந்தவனை அவர் கேட்பவனாகக் கொள்ளவில்லை.

கவியிற் பயிலும் முறைப்பெயர்களும் அவ்வாறே களத்தோடு பொருந்தியவை. ‘மச்சான்’ என்னும் விளி காதலனைக் குறிக்கும் பொதுச்சொல்லென வெளியூர் மாணவர் கருதுவர். இக்கரையில் அது மாமன் மகனையோ மாமி மகனையோ மெய்யாகவே குறிக்கும். மணத்துக்கு உரிமையுடையவன் அவன். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் போற்றி வந்தனர். மணமானபின் ஆடவன் பெண் வீட்டுக்குச் செல்வான். வீடு பெண்ணுக்குச் சீதனமாகும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல்லாண்டு ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாகக் காட்டியுள்ளார். தங்கைக்கு வீடு கட்டி முடியும்வரை தமையன் மணஞ்செய்யத் தயங்குவான். இதனை அறிந்தவனே, காத்திருத்தலைப் பற்றிய கவிகளில் வரும் வீடும் கூரையும் கிடுகும் அணிக்காக வந்தவை அல்ல என்பதை உணர்வான். மச்சான் வரவில்லை என்ற ஏக்கத்தின் பின்னே முடியாத கூரை ஒன்று இருக்கின்றது. தொகுப்புரையில் ஒருவரி எழுதியிருப்பின் விளங்கும். பெரும்பாலும் அவ்வொருவரி இல்லை.

சொற்பொருளிலும் இதே நிலை. வயற்பரப்பை வட்டை என்பர். நிலவுடைமையாளர் போடியார், அவர்க்காக வேளாண்மையை முன்னின்று செய்விப்போன் முல்லைக்காரன், சூடடிக்கும் இடம் களவெட்டி. களவெட்டியில் அன்றாடச் சொற்களை விலக்கி வேறு சொற்களை வழங்கினர். நெல்லையும் பொலி என்றனர். கண்ணுக்குப் புலனாகாதவை கேட்டு நெல்லைக் கவர்ந்துவிடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்பர். சீனட்டி, பச்சைப்பெருமாள் என்னும் நெல்லினப் பெயர்கள் அன்றைய உழவனுக்கு விளையுங் காலத்தையும் சோற்றின் சுவையையும் ஒருங்கே நினைவூட்டின. புதிய இனங்கள் வந்தபின் அவை வெறும் பெயர்களாயின. காற்றின் பெயர்களும் அவ்வாறே. மேற்கிலிருந்து வெம்மையாய் வீசும் காற்றினைக் கச்சான் என்பர். ஒரு கவியிற் கச்சான் என வரக்கண்ட கொழும்பு மாணவர் ஒருவர், வேர்க்கடலைக்கும் காதலுக்கும் யாது தொடர்பு என வினவினார். நகைப்புக்குரியதே, ஆயினும் குறை மாணவருடையதன்று. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு இடவில்லை. கடற்றொழிலாளர் கரைவலை இழுக்குங்கால் பாடும் அம்பாவிலும் இத்தகைய அறிவு செறிந்துள்ளது. வலையின் கனம் கூடக்கூடப் பாட்டின் நடை மாறும். அந்நடையை அறியாமற் சொற்களை மட்டும் எழுதின், பொருளற்ற அசைகளே எஞ்சும்.

இசையைப் பற்றிக் கூறுவதே இக்கட்டுரையின் நடுவிடம். சாய்ந்தமருதின் தெற்கெல்லையைக் கடந்தால் காரைதீவு. அங்கே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிற் கூறிய யாழினது அமைப்பையும் பண்களையும் மீட்டெடுக்கப் பல்லாண்டு உழைத்தார். அவ்வுழைப்பின் பயனாகிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த திங்களில் அடிகள் மறைந்தார். பேரறிஞர் ஒருவர் கணிதமும் இசையும் வடமொழியும் தமிழும் ஒருங்கே கற்று அத்துணை ஆண்டுகள் அரும்பாடுபட நேர்ந்தது எதனால்? பழந்தமிழர் சொல்லைக் காத்து ஒலியை இழந்தனர், அதனால். சிலப்பதிகாரம் நம் கையில் உள்ளது. மாதவியின் விரல் பட்ட நரம்பின் ஒலி இல்லை. அடிகள் பிறந்த ஊருக்கு அடுத்த ஊரிலே இன்று அதே பிழையை நாம் செய்கின்றோம். அன்றைய மக்களுக்கு ஒலியைப் பதிவு செய்யும் கருவி இல்லை என்பதொரு சமாதானம் உண்டு. சட்டைப்பையில் அக்கருவியை வைத்துக்கொண்டு திரியும் நமக்கு அச்சமாதானமும் இல்லை.

இவ்விடர் நமக்கு மாத்திரம் உரியதன்று. வட அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரியைச் சூழ வாழும் ஒஜிப்வே என்னும் பழங்குடியினர், நானபூஷ் என்னும் தலைவனைப் பற்றிய கதைகளைக் குளிர்காலத்தில், நிலத்திற் பனி மூடியிருக்கும்போதே சொல்லுதல் மரபு. கோடையிற் சொல்லுதல் தகாது. கவி வாடிக்கும் இரவுக்கும் உரியதாயிருத்தல் போன்று அவர் கதையும் காலத்துக்கு உரியது. அரசாங்க அலுவலராக அங்கிருந்த ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட், ஒஜிப்வேத் தாய்க்குப் பிறந்த தம் மனைவி ஜேனிடமிருந்தும் அவர் சுற்றத்தாரிடமிருந்தும் பெற்ற கதைகளை 1839இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மொழியும் சொல்வோர் குரலும் அதிற் பெரிதும் மறைந்தன. அந்நூலைக்கொண்டு லோங்ஃபெலோ 1855இல் இயற்றிய ‘ஹயவாதா’ என்னும் காப்பியம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஹயவாதா என்பது வேறொரு குடியாராகிய இரோக்குவா மக்களின் பெருமகன் பெயர். அப்பெயரை நானபூஷின் கதைகள்மீது கவிஞர் ஏற்றிவிட்டார். கதை காக்கப்பட்டது, கதைக்கு உரியவன் மாறிப்போனான்.

வில்லியம் ஜோன்ஸ் வேறுவகையாற் செய்தார். தாமும் பழங்குடி வழிவந்த அவர் ஒஜிப்வே மொழியிலே கதைகளை எழுதி, எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலம் வைத்து, சொன்னோர் பெயரையும் குறித்தார். அவர் இறந்தபின் 1917இலும் 1919இலும் இரு பகுதிகளாக அவை வெளிவந்தன. கற்பதற்குக் கடினமான நூல். ஆயினும் மூலம் அழியவில்லை. இளமையில் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு வளர்ந்த பசில் ஜோன்ஸ்டன் என்னும் ஒஜிப்வே அறிஞர் 1976இல் தம்மவர் மரபைத் தாமே எழுதினார். அத்தகைய பள்ளிகள் பிள்ளைகளின் தாய்மொழியை ஒடுக்கியவை. அங்கே மொழியே அழியும் நிலையில் நின்றது. ஆகவே இழப்பு எல்லார்க்கும் தெரிந்தது. இங்கே தமிழ் நன்கு வாழ்கின்றது. மொழி வாழ்வதனாலேயே அதனுள் ஒரு பாட்டு மாள்வது எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

மாள்வதற்குக் காரணங்கள் பல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் நீரும் நிலமும் பெருகின, உழவும் மாறிற்று. எருமை பூட்டிச் சூடு மிதித்த களவெட்டியில் உழவுயந்திரம் புகுந்தது. பின்னர் அறுவடை இயந்திரம் களவெட்டியையே வேண்டாததாக்கிற்று. இயந்திரத்தோடு மறுகவி பாடுவார் யார்? வயலுக்குச் சென்றோர் மாலையிலே மோட்டார் வண்டியில் வீடு திரும்பினர். வாடியும் காவலிரவும் அருகின. 1985ஆம் ஆண்டுமுதல் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எழுந்த பகையும் இரத்தமும், ஒரே வட்டையில் இரு பரண்களிலிருந்து எழுந்த குரல்களை ஒன்றையொன்று கேளாதவை ஆக்கின. இதனை எழுதக் கை கூசுகின்றது, எழுதாதிருத்தல் பொய்யாகும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாய்ந்தமருதின் கரையோர வீடுகள் மணலோடு மணலாயின. மாண்டோருள் எத்துணைப் பாட்டிமார் எத்துணைக் கவிகளோடு சென்றனர் என்பதை எண்ணிச் சொல்ல இயலாது.

வேறொரு காரணமும் உண்டு, அது நாணம். மணவீட்டிற் குரவையிடுதலும், காதற் கவி பாடுதலும், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்களில் பக்கீர்மார் றபான் கொட்டிப் பாடுதலும் மார்க்கத்துக்கு இயைந்தனவோ என்னும் வினா எழுந்தபின், அறிந்தோரும் அறியாதார் போன்று இருக்கத் தொடங்கினர். மார்க்கத்தில் எது தகும், எது தகாது என்பதை அம்மக்களின் அறிஞரே கூறவேண்டும். புறத்தே நிற்கும் நாம் அதிற் புகுதல் முறையன்று. எனினும் ஒன்று கூறலாம். இஸ்லாமியத் தமிழிலக்கியத்துள் இன்று கிடைப்பனவற்றுட் பழமையானதெனப் போற்றப்படுவது 1572இல் அரங்கேறிய ஆயிர மசலா. அது வினாவும் விடையுமாக அமைந்த நூல். வினாவுக்கு விடை இறுக்கும் இம்மரபு புலவரது ஏட்டிலும் உழவனது வாயிலும் ஒருங்கே விளங்கிற்று. இவ்விரண்டுள் ஒன்றினை மாத்திரம் பண்பாடு எனக்கொண்டு மற்றொன்றை ஒதுக்குதல் பொருந்துமாறில்லை.

இனித் தொகுப்போர் செய்யத்தக்கது யாது? கவிகளை வகைப்படுத்தாது, பாடிய வரிசையிலே, கவியும் மறுகவியுமாகப் பதிதல் வேண்டும். குரலைப் பதிதல் வேண்டும். 2005முதல் ஈழத்து நூல்களை மின்வடிவிற் பேணி வரும் நூலகம் நிறுவனம் போன்றவை ஒலிப்பதிவுகளையும் ஏற்றுக் காத்தல் இயலும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பாடியவர் விரும்பின் அவர் பெயரையும், விரும்பாவிடின் ஊரையும் அகவையையும் குறித்தல் வேண்டும். ‘மக்கள் பாடியது’ எனப் பெயரின்றி எழுதுதல் மக்களைப் போற்றுவதாகத் தோன்றினும், பாடியவளை மறைப்பதேயாம்.

பெயர் குறித்தலில் ஓர் இடர்ப்பாடு உண்டென்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கவிகளுட் சில ஊராரை எள்ளிப் பாடியவை. இன்னாரது கஞ்சத்தனம், இன்னாரது மகளின் ஒழுக்கம் என வெளிப்படையாகவே கூறுவன. அவர்தம் பேரர் இன்றும் அவ்வூரில் வாழ்கின்றனர். ஆராய்ச்சியின் பெயரால் அவற்றை அச்சிடுதல் தகுமா? ஒஜிப்வே மக்களுள்ளும், யாவர்க்கும் சொல்லலாகாத கதைகள் உண்டு. உரியோர் முன்னிலையில் மட்டும் அவை திறக்கப்படும். எல்லாவற்றையும் வெளியிடுதலே காத்தல் என எண்ணுவது ஆய்வாளரின் ஆசையேயன்றிப் பாடியோரின் விருப்பமன்று. பதிந்து வைத்தல் வேறு, பரப்புதல் வேறு. சில பதிவுகள் ஒரு தலைமுறைக்கு மூடியே இருக்கலாம். அதனால் இலக்கியத்துக்கு இழுக்கு வாராது.

முற்கூறிய முதிய பெண்மணியின் இல்லத்திலிருந்து வெறுங்கையோடு திரும்ப எழுந்தபோது, அடுத்த வளவிலிருந்து அவர் வயதொத்த தோழி ஒருவர் சீனி வாங்க வந்தார். நான் வந்த காரியத்தைப் பேத்தி அவரிடம் கூறினாள். வந்தவர் வாசற்படியில் நின்றபடியே, என்னை நோக்காது, வீட்டுக்குரியவரை நோக்கி ஒரு கவியை இழுத்துப் பாடினார். பாடி முடியுமுன்னே இவர் மறுகவி கொடுத்தார். அரைமணி நேரம் இருவரும் மாறிமாறிப் பாடினர்; இடையிடையே வாயை மூடிச் சிரித்தனர். சீனி வாங்க வந்தவர் சீனியை மறந்தார். பேத்தி தன் கைப்பேசியிற் பதிந்தாள். அவள் அதுகாறும் ஒரு கவியையும் தன் பாட்டி வாயிற் கேட்டிராதவள். இறுதியில் தோழி ஒரு கவியைத் தொடங்கியவுடன் வீட்டுக்குரியவர் கையமர்த்தி, “இத எழுதாத மனெ, இது அவட மாப்பிளட கத” என்றார். பேத்தி பதிவை நிறுத்தினாள். நான் தாளை மடித்து வைத்தேன். பின்னரே அவர்கள் அக்கவியைப் பாடினர்.